இந்த மார்ச் 8க்குக் கோலப்போட்டி வேண்டாம்: ஒரு நாள் பெண்ணியக் கண்காட்சி வைப்பது எப்படி

பிப்ரவரி நடுவிலேயே வாட்ஸப் குழுவில் ஆரம்பித்துவிடும்: மகளிர் தினத்துக்கு என்ன பண்ணலாம்? கேட்டு முடிப்பதற்குள் பதிலும் வந்து விழும். கோலப்போட்டி, அடுப்பில்லாச் சமையல், எல்லோரும் ரோஸ் கலர் புடவை, ஒரு சிறப்பு விருந்தினர், அவருக்கு ஒரு பொன்னாடை, கடைசியில் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். கோலத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நன்றாகவே போடுவேன். ஆனால் அந்தத் தேதிக்குப் பின்னால் இருப்பது 1917-ல் ரஷ்யாவின் பெத்ரோகிராட் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்த கதை, ஒரே வாரத்தில் ஜார் மன்னர் முடி துறக்க வேண்டியதாயிற்று. அதன் நினைவாக அவல் ஊறவைப்பது கொஞ்சம் அநியாயம்தான்.

அதனால் வேறொரு யோசனை. ஒரு அறை, ஒரு நாள், இருபது முப்பது தாள், பத்துப் பன்னிரண்டு புத்தகம், நாலைந்து பொருள். பெண்கள் எழுதியது, வரைந்தது, கேட்டுப் போராடியது எல்லாம் சேர்ந்த ஒரு சின்னக் கண்காட்சி. கிளை நூலகம், கல்லூரி, தொழிற்சங்க அலுவலகம், ஊர்ச் சமுதாயக் கூடம் என்று எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். வேலை செய்ய நாலு பேரும் மூன்று வாரமும் இருந்தால் போதும். கிளை நூலகம் என்றால் அங்கே இருக்கும் வாசகர் வட்டத்தின் வழியாகக் கேளுங்கள், நூலகருக்கும் மேலே பதில் சொல்வது எளிதாக இருக்கும்.

முதலில் ஒரு விதி

வழக்கமான மகளிர் தினச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாகப் படங்கள், கீழே 'முதல் பெண் மருத்துவர்', 'முதல் பெண் விமானி', நடுவில் பாரதியின் தலைப்பாகையும் ஒரு வரியும். பெண்களைப் பற்றி ஆண்கள் நல்லபடியாகச் சொன்ன வரிகள் நம்மிடம் தாராளமாகவே இருக்கின்றன, அவற்றை இந்த ஒரு நாளைக்கு ஓரமாக வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. படச் சுவரின் சிக்கல் என்னவென்றால், பார்ப்பவர் ரெண்டே நிமிடத்தில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு டீ எங்கே என்று கேட்பார். அந்தப் பெண் எதற்காகச் சண்டை போட்டார், யாரோடு போட்டார் என்பதே அதில் இருக்காது.

விதி இதுதான்: சுவரில் ஏறும் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி கட்டாயம். கேட்டது என்ன? கிடைத்தது என்ன? இரண்டுக்கும் வருஷம் போட வேண்டும். அந்த இரண்டு வரியை நிரப்ப முடியவில்லையா, எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் அது ஏறக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு வந்துவிட்டால் மற்ற முடிவுகள் பாதி தானாகவே நடந்துவிடும்.

சொத்துரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் மகள்களைப் பூர்வீகச் சொத்தின் பங்காளிகளாக்கி இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது 1989-ல். நடுவில் அறுபது வருஷம். அதிலும் 1989 மார்ச் 25க்கு முன்னால் கல்யாணம் ஆகியிருந்த மகளுக்குப் பங்கு இல்லை. மத்தியச் சட்டம் 2005-ல்தான் மாறியது. இதை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் யாராவது ஒரு அக்காவின் வீட்டிலிருந்து ஒரு பாகப்பிரிவினைப் பத்திர நகலைத் தொங்கவிடுங்கள் (பெயர், சர்வே எண், ஆதார் எண் எல்லாவற்றையும் கறுப்பு மையால் மறைத்துவிட்டு). கூட்டம் அங்கேதான் நிற்கும். "எங்கப்பா 88-லயே எனக்குக் கட்டிக் குடுத்துட்டாரு" என்று யாராவது சொல்வார், அதற்குப் பிறகு உங்களுக்கு வேலையே இல்லை, அவர்களே பேசிக்கொள்வார்கள்.

பழையதில் எதை எடுப்பது

எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். சங்ககால ஔவையிலிருந்து ஆரம்பித்து இன்றுவரை வர வேண்டும் என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார், சரி சரி என்று தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். ஐந்தாறு கதைகள் போதும், ஒவ்வொன்றும் ஆழமாக இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் முதல் சுவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருக்கு. அந்தப் பெயர் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் திட்டத்தின் பெயராகத் தெரியும்: 1989-ல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், பின்னால் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது, 2022-ல் அதே திட்டம் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அவர் நாவல் எழுதியவர் என்று சொன்னால் பாதிப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1936-ல் வந்த 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்', பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தேவதாசி ஆக்கும் பொட்டுக்கட்டும் முறையை உள்ளிருந்து பார்த்தவர் எழுதியது. 1938-ல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையில் நடந்தார், சிறைக்கும் போனார்.

இவருக்கு எழுதும் குறிப்பை வைத்தே எப்படி எழுதுவது என்று காட்டிவிடுகிறேன். பொதுவாக எழுதுவது இப்படி இருக்கும்: 'மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962). தலைசிறந்த சமூகச் சீர்திருத்தவாதி. பெண்குலத்தின் விடிவெள்ளி.' இதில் ஒரு தகவலும் இல்லை, விடிவெள்ளி என்று யாரை வேண்டுமானாலும் சொல்லலாம். இப்படி எழுதிப் பாருங்கள்: 'பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த குடும்பத்தில் வளர்ந்தவர். அதை ஒழிக்க மேடையில் பேசினார், பெரியாரின் 'குடிஅரசு' இதழில் எழுதினார், 1936-ல் நாவலே எழுதினார். கேட்டது: கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டிவிடுவதற்குத் தடை. கிடைத்தது: 1947-ல் சென்னை மாகாணச் சட்டம். அவர் பெயரில் அரசு முதலில் கொடுத்தது: கல்யாணத்துக்குப் பணம்.' கடைசி வரியை வேண்டுமென்றே அப்படியே விட்டுவிடுங்கள், விளக்காதீர்கள்.

இப்போது முக்கியமான இடம். இராமாமிர்தத்துக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளை வையுங்கள். அவரும் அதே சமூகத்திலிருந்து வந்தவர். ஆனால் 1927-ல் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குப் போய்த் தேவதாசி ஒழிப்பைக் கையில் எடுத்தபோது, எங்கள் கலையையும் சொத்தையும் எங்களைக் கேட்காமல் பறிக்காதீர்கள் என்று எதிர்த்து நின்ற தேவதாசிகளில் இவரும் ஒருவர். அதற்கெல்லாம் முன்னால், 1910-ல், தஞ்சை மராத்திய அரசவையில் பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்தவனம்' காவியத்தை முழுசாகப் பதிப்பித்தார். ஒரு பெண் இவ்வளவு வெளிப்படையாகக் காமத்தை எழுதலாமா என்று அறிஞர்கள் கொதித்தார்கள், அரசாங்கம் புத்தகத்தைத் தடை செய்தது, தடை நீங்கியது 1947-ல். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டியவரும் இவர்தான், அங்கே பெண்கள் பாடக்கூடாது என்று இருந்ததற்குத் தனியாகப் பெண்கள் ஆராதனையே நடத்தியவர்.

ஒரே வருஷத்தைப் பாருங்கள். 1947. ஒருவர் கேட்ட சட்டம் வந்தது, இன்னொருவர் கேட்ட தடைநீக்கமும் வந்தது. யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம். கல்லூரிப் பிள்ளைகள் இந்த இரண்டு தாளுக்கும் நடுவில் நின்று சண்டை போடுவார்கள், அதற்காகத்தான் இதெல்லாம். பெண்ணியம் என்றால் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி நினைப்பது என்று நம்பி வளர்ந்தவர்களுக்கு இந்த மூலை நல்ல மருந்து.

ஈழத்தை விடாதீர்கள்

தமிழில் பெண்ணியம் என்று பேசிவிட்டுச் சென்னையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். 1986-ல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' தொகுப்பு இல்லாமல் இந்த அறை முழுமையாகாது. சித்திரலேகா மௌனகுரு தொகுத்தது, பத்துப் பெண் கவிஞர்கள். வெளியே இராணுவம், உள்ளே ஆயுத இயக்கங்களின் கட்டுப்பாடு, வீட்டுக்குள்ளே சீதனம், சமையல், ஆண்களின் பார்வை. மூன்றையும் ஒரே சமயத்தில் எதிர்த்து எழுதிய சின்னப் புத்தகம் அது. அதில் எழுதிய சிவரமணி 1991-ல் தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். 'தோழி' என்ற பத்திரிகையை நடத்திய செல்வி அதே 1991-ல் விடுதலைப் புலிகளால் கடத்தப்பட்டார், திரும்பி வரவே இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1989 செப்டம்பரில், போர்க்கால வன்முறைகளைப் பதிவு செய்த 'முறிந்த பனை' நூலை எழுதியவர்களில் ஒருவரான மருத்துவர் ராஜினி திராணகம யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தப் பகுதிக்கு அலங்காரம் வேண்டாம், பூ வைக்க வேண்டாம், கவிதைப் பக்கம் போதும். இணையத்தில் நூலகம் என்ற ஈழத்து மின்னூலகத்தில் அந்தக் காலத்து இதழ்களும் தொகுப்புகளும் ஸ்கேன் செய்து கிடக்கின்றன, போய்ப் பாருங்கள். அங்கே ஒரு மாலை உட்கார்ந்தால் கண்காட்சிக்குத் தேவையானதைவிட மூன்று மடங்கு சேர்ந்துவிடும்.

இதற்குப் பக்கத்தில் இரண்டு தேதிகள்: 1984, 2017. முன்னதில், கைது செய்து கொண்டுபோன பிள்ளைகளை விடச் சொல்லி யாழ்ப்பாணத்துத் தாய்மார் அன்னையர் முன்னணி என்று திரண்டு அரசாங்க அதிபரின் (நம் ஊர் மாவட்ட ஆட்சியர் மாதிரி) அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். பின்னதில், போர் முடிவில் இராணுவத்திடம் கையளித்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். கேட்டது: பிள்ளைகள் எங்கே? கிடைத்தது என்ற இடத்தில், காணாமல் போனோருக்காக ஒரு அலுவலகம் திறந்தார்கள் என்று எழுதலாம். கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

நடப்புக்கு ஒரு ஸ்டூல்

புதிய போராட்டங்களைக் காட்ட எல்லோரும் பெரிய ஊர்வலப் படங்களைத் தேடுவார்கள். நீங்கள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து அறையின் நடுவில் வையுங்கள். துணிக்கடையில் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் பெண்களை நமக்கெல்லாம் தெரியும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது, சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துத் திட்டு விழும். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்று பெண்களைச் சேர்த்தார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் உட்கார இடம் கேட்டார்கள். 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது: வேலை செய்யும் எல்லோருக்கும் இருக்கை வேண்டும்.

ஸ்டூலின் மேல் அந்தக் குறிப்பை ஒட்டி, 'உட்காருங்கள்' என்று மட்டும் எழுதிவிடுங்கள். பக்கத்தில் ஒரு காலி நோட்டு: 'உங்கள் வேலையிடத்தில் உட்கார நாற்காலி இருக்கிறதா?' எழுதுகிறவர் பெயர், கடை பெயர் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை போய்விடும் என்ற பயம் நிஜமானது, நம் கண்காட்சிக்காக யாரும் அதைச் சந்திக்க வேண்டியதில்லை.

இன்னொன்று மூணாறு. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனஸை இருபது சதவீதத்திலிருந்து பத்தாகக் குறைத்ததை எதிர்த்து டவுனை முடக்கி உட்கார்ந்தார்கள். பெயர் பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை. தொழிற்சங்கத் தலைவர்கள் வந்தபோது, எங்கள் பேரில் நீங்கள் பேசியது போதும் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது நாளில் கிடைத்தது: 8.33 சதவீதம் போனஸ், மீதி 11.67 கருணைத் தொகை, ஆக இருபது. தினக்கூலி 232-ஐ 500 ஆக்கச் சொன்னார்கள், பின்னால் 301 கிடைத்தது. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் போடுங்கள், வேறு அலங்காரமே தேவையில்லை. மாதச் சம்பளக்காரர்களும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் ஒரே தாளை நின்று படிப்பது இதற்காக மட்டும்தான் நடக்கும்.

கலை என்றால் ஓவியம் மட்டும்தானா

ஓவியம் வாங்கி மாட்ட நம்மிடம் காசில்லை, தேவையும் இல்லை. பெண்கள் இயக்கத்தின் கலை பெரும்பாலும் சுவரொட்டியாகவும் பாட்டாகவும் நாடகமாகவுமே இருந்தது. பெசன்ட் நகர் கடற்கரையில் வாழ்ந்த சந்திரலேகாவை நடனக்காரராகத்தான் தெரியும், ஆனால் நடனத்துக்கு இடைவெளி விட்ட காலத்தில் சுவரொட்டி வரைந்தார், மற்ற அமைப்புகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார், 1982-ல் அவர் மேல் ராஜத்துரோக வழக்கே போட்டார்கள். டெல்லியில் 1984-ல் தொடங்கிய காளி ஃபார் விமன் பதிப்பகத்தின் சின்னமும் அவர் வரைந்ததே. அந்தப் பதிப்பகத்திலிருந்து பின்னால் பிரிந்து வந்த ஜுபான், நாடு முழுக்கப் பெண்கள் இயக்கச் சுவரொட்டிகளைத் தேடிச் சேர்த்தது. வரதட்சிணைச் சாவு, சாராயம், கூலி, பாலியல் வன்முறை என்று ஒரு காலகட்டத்தின் கோபம் முழுக்க அதில் இருக்கிறது. நாடகத்தில் அ. மங்கையின் 'மௌனக் குறம்', 'பனித்தீ' பற்றி ஒரு தாள் போடலாம், குறவஞ்சியையும் கூத்தையும் எடுத்துப் பெண்கள் பக்கம் திருப்பியவை. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் பாட்டையும் நாடகத்தையும் வைத்தே ஊர் ஊராக வேலை செய்தது.

வருகிறவர்கள் தாங்களே ஏதாவது செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அறை பாடப்புத்தகம் போல ஆகிவிடும். அதற்கு நியூயார்க்கின் கொரில்லா கேர்ள்ஸ் வழி நமக்கு நன்றாகப் பொருந்தும். 1985-ல் கொரில்லா முகமூடி போட்டுக்கொண்டு கிளம்பிய பெண் கலைஞர்கள் அவர்கள். கத்தவில்லை, எண்ணினார்கள். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு, அதே இடத்தில் மாட்டியிருக்கும் நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண்கள் என்று 1989-ல் சுவரொட்டி அடித்தார்கள்.

நீங்களும் எண்ணுங்கள். ஒரு வாரம் முன்னால் நாலு மாணவிகளிடம் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் எத்தனை எழுத்தாளர்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், ஊரில் சிலைகள் எத்தனை, பெண் சிலை எத்தனை, அதில் தெய்வத்தைக் கழித்தால் மிச்சம் எத்தனை, நூலகத்தின் சிறுகதை அலமாரியில் ஆண் பெயர் எத்தனை, பெண் பெயர் எத்தனை (சுஜாதா, புஷ்பா தங்கதுரை என்ற பெயர்களைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்கள் ஆண்கள்). எண்ணி வந்ததைச் சார்ட் பேப்பரில் கையாலேயே எழுதட்டும். சுவரொட்டிக்கு ஒரு நிறம், ஏழெட்டுச் சொல், அதற்கு மேல் போகக் கூடாது. ஒரே எழுத்தைப் பலமுறை அடிக்கப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் பிளேடால் வெட்டி ஸ்டென்சில் செய்துகொள்ளலாம், அட்டையைப் போல ஊறிப்போகாது.

புத்தக மேசை

உயிரோடிருக்கும் எழுத்தாளர்களின் கவிதையைப் பெரிதாக அச்சடித்து மாட்ட வேண்டுமென்றால் அவர்களிடமோ பதிப்பகத்திடமோ கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள். கேட்க நேரமில்லையா, புத்தகத்தையே மேசையில் வைத்துவிடுங்கள், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். பழையவற்றுக்கு இந்தியாவில் பதிப்புரிமைக் கணக்கு, ஆசிரியர் இறந்த பிறகு அறுபது ஆண்டு. இராமாமிர்தம் 1962-ல் இறந்தார், ஆக 2023 முதல் அவர் எழுத்து பொதுச்சொத்து. 'ஜகன்மோகினி'யை நடத்தி நூற்றுக்கும் மேல் நாவல் எழுதிய வை.மு. கோதைநாயகி 1960-ல் இறந்தவர், அவருடையதும் அப்படியே. இலங்கையில் எழுபது ஆண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைத் தேடலாம், சென்னையில் இருப்பவர்கள் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போய் மூல இதழ்களையே பார்க்கலாம்.

மேசையில் என்னென்ன? அம்பையின் சிறுகதைத் தொகுப்பு ஒன்று கண்டிப்பாக வேண்டும், 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' இருந்தால் நல்லது. பாமாவின் 'கருக்கு' (1992), சிவகாமியின் 'பழையன கழிதலும்', சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004), சுகிர்தராணி, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி கவிதைகள், லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா'. தலித் பெண்களும் முஸ்லிம் பெண்களும் திருநங்கையரும் எழுதியதை 'மற்றவை' என்று தனி மூலையில் வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். சுகிர்தராணி, பாமா புத்தகங்களோடு ஒரு சின்னக் குறிப்பு: 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் இவர்கள் எழுத்தை ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. அதே குறிப்பில் சல்மாவைப் பற்றியும் எழுதலாம்: துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைபட்டு, மாற்றுப் பெயரில், ஒளித்து ஒளித்து எழுதியவர், 2025-ல் மாநிலங்களவை உறுப்பினர்.

பள்ளியில் வைப்பதாக இருந்தால் குட்டி ரேவதியின் 'முலைகள்' (2002) அட்டையைப் பார்த்துத் தலைமையாசிரியர் நெளிவார். அந்தப் புத்தகம் வந்தபோதும் இதே நெளிதல்தான், வசையும் மிரட்டலும்கூட. முன்கூட்டியே அவரிடம் பேசி, உள்ளே இருக்கும் கவிதையைப் படிக்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, 'இங்கே இருக்க வேண்டிய புத்தகம் அனுமதிக்கப்படவில்லை' என்று எழுதி வைக்கலாம். அது நல்ல யோசனையா என்பது உங்களுக்கும் தலைமையாசிரியருக்கும் நடுவில் இருக்கும் உறவைப் பொறுத்தது.

ஃபார்வேர்டை நம்பாதீர்கள்

திருவிதாங்கூரில் நங்கேலி என்ற பெண் முலை வரிக்கு எதிராகத் தன் மார்பை அறுத்து வாழையிலையில் வைத்தார் என்ற கதையை யாராவது கொண்டுவருவார்கள், மார்ச் மாதம் முழுக்க அது சுற்றும். அது வாய்வழிக் கதை, ஆவணம் கிடையாது. வைப்பதானால் வாய்வழிக் கதை என்று எழுதி வையுங்கள். அதே திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டத்துக்கு ஆவணங்கள் இருக்கின்றன, 1859-ல் வந்த அரச அறிவிப்புவரை. உறுதியான கதை கையில் இருக்கும்போது தொங்கலில் இருப்பதை ஏன் மாட்ட வேண்டும்? மேற்கோளும் அப்படித்தான், புத்தகத்தின் பெயரும் பக்கமும் சொல்ல முடியாத மேற்கோள் சுவரில் ஏற வேண்டாம்.

அச்சடிப்பதும் மாட்டுவதும்

ஃப்ளெக்ஸ் போடாதீர்கள். ஒரு வருஷம் தப்பாக அடித்துவிட்டால் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டும், பேப்பர் என்றால் ஒரு தாளை மட்டும் மாற்றினால் போதும். ஏ3 தாள், தலைப்பு 60 பாயிண்ட், உள்ளே 28 பாயிண்ட். அந்த அளவில் எழுபது எண்பது சொல்தான் வசதியாக நிற்கும், அதற்கு மேல் எழுதினால் யாரும் படிக்கப் போவதும் இல்லை. கடைக்கு பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போங்கள். வேர்ட் கோப்பாகக் கொடுத்தால் அங்கே ஃபான்ட் மாறி, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்கும். தாளின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருக்கட்டும், பள்ளிப் பிள்ளைகள் வருவதானால் இன்னும் அரை அடி கீழே. சுவரில் டேப் ஒட்டினால் பெயின்ட் உரியும், நூலகர் அடுத்த வருஷம் இடம் தர மாட்டார். கொடிக்கயிறு கட்டித் துணி கிளிப்பில் மாட்டிவிடுங்கள்.

அன்றைக்கு நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து என்று போட்டால் வேலைக்குப் போகிற பெண்கள் யாரும் வர முடியாது. மாலை ஏழரைவரை திறந்திருக்கட்டும், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். குழந்தைகளுக்கு ஒரு பாயும் கொஞ்சம் கிரேயானும் வேண்டும், கழிப்பறை பூட்டாமல் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். டீ போடுவதும் டம்ளர் கழுவுவதும் ஆண்கள் பொறுப்பு. இதை முன்பே பெயர் போட்டு எழுதி ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பதினொரு மணிக்கு எப்படியும் ஒரு அக்கா டம்ளரோடு குழாயடியில் நிற்பார்.

சிறப்பு விருந்தினர் வேண்டாம், குத்துவிளக்கும் வேண்டாம். நாலு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் வாசிப்பு வையுங்கள்: இராமாமிர்தத்தின் நாவலிலிருந்து ஒரு உரையாடலை இருவர் பிரித்துப் படிக்கலாம், 'சொல்லாத சேதிகள்' தொகுப்பிலிருந்து ஒரு கவிதை, அப்புறம் வந்தவர்களில் யார் வேண்டுமானாலும். விளக்கம் சொல்ல யாரும் எழுந்திருக்கக் கூடாது, குறிப்பாகப் பேராசிரியர்கள்.

முடிந்ததும் வாங்கிய பொருள்களையும் பத்திர நகல்களையும் அன்று ராத்திரிக்குள் அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால் ஏதாவது ஒன்று தொலையும். தாள்களை எண் போட்டுச் சுருட்டாமல் தட்டையாகவே ஒரு பழைய காலண்டர் அட்டைக்கு நடுவில் கட்டி வையுங்கள். பக்கத்துப் பள்ளியோ சுயஉதவிக் குழுவோ கேட்டால் அப்படியே தூக்கிக் கொடுக்கலாம். மார்ச் 8 வரைக்கும் அவர்கள் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஸ்டூலை மட்டும் அவர்களையே கொண்டுவரச் சொல்லுங்கள்.